இல்லமும் நலமும்: டின்னின் மேல் எழுதிய வாசகம்



தேர்வுக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் நள்ளிரவு வரை விளக்கு அணைவதில்லை. முன்னாளில் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைக்கு அன்னை கடுங்காப்பி கலந்து கொடுப்பாள். இந்நாளிலோ பிள்ளையே தெருமுனைக் கடைக்குச் சென்று, பளபளக்கும் டின்னிலோ பாட்டிலிலோ அடைத்த பானத்தை வாங்கி வந்துவிடுகிறான். 'எனர்ஜி டிரிங்க்' என்பது அதன் பெயர். அதைப் பருகினால் உறக்கம் அண்டாது, கவனம் கூடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கின்றனர். "இது மெய்தானா? மெய்யல்லவெனில் இதைத் தடுப்பார் எவருமில்லையா?" எனப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவதற்கு விடை கூற ஐரோப்பா வரை சென்றுவர வேண்டியுள்ளது.

ஆம், மெய்தான். காப்பிக் கொட்டையிலும் தேயிலையிலும் கோக்கோவிலும் இயல்பாகவே அமைந்துள்ள பொருள் கஃபீன். (காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியில் அது கிடையாது.) நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்குரிய இடங்களிற் சென்று பொருந்தும்போது நமக்கு அயர்வு தோன்றுகிறது. கஃபீனோ முந்திச் சென்று அவ்விடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அயர்வு நீங்கிவிடுவதில்லை, அயர்வின் செய்தி மட்டும் நம்மை எட்டாமற் போகிறது. உட்கொண்டதில் பாதி உடலை விட்டு அகல, வளர்ந்தோர்க்கு ஏறத்தாழ 5 மணி நேரமாகும்; கருவுற்ற தாய்மார்க்கு இன்னும் நெடுநேரமாகும். மாலை 6 மணிக்குப் பருகியதில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் உலவிக்கொண்டிருக்கும் என்க.

விற்பவர் தம் பானத்தின் நலம் பேசுவது புதிதன்று. 1652 ஆம் ஆண்டையொட்டி, இலண்டன் மாநகரின் கார்ன்ஹில் பகுதியில், தூய மிக்கேல் சந்து என்னுமிடத்தில், பாஸ்குவா ரொசே என்பவர் காப்பிக் கடை திறந்தார். அந்நகரின் முதற் காப்பிக் கடை அதுவே என்பர். அவர் கடையின் துண்டறிக்கை காப்பியைக் கண்ணோய்க்கும் தலைவலிக்கும் இருமலுக்கும் கீல்வாதத்திற்கும் நல்லதெனப் புகழ்ந்தது. இவ்வளவு பொய்க்கு நடுவே ஒரு மெய்யும் அதில் இருந்தது: இரவு உணவுக்குப்பின் இதைப் பருகினால் மூன்று நான்கு மணி நேரம் உறக்கம் கெடும் என்று எச்சரித்தது. அத்துணை நேர்மை இன்றைய விளம்பரங்களில் காண்பதரிது. (திருத்தந்தை எட்டாம் கிளமெந்து காப்பியைச் சுவைத்துப் பார்த்து அதற்கு ஆசியளித்தார் என்னும் கதையைக் காப்பிப் பிரியர்கள் நம்மிடம் விடாது கூறுவர். அதற்குச் சான்று ஏதுமில்லை. கதை இனியதாகையால் இருந்துவிட்டுப் போகட்டும்.)

அமெரிக்காவில் 1886 ஆம் ஆண்டு தோன்றிய கோக்கோ கோலா, தொடக்கத்தில் மூளைக்கு வலுவூட்டும் மருந்தாகவும் தலைவலி நீக்கியாகவுமே விளம்பரம் செய்யப்பட்டது. 1906 ஆம் ஆண்டின் தூய உணவு, மருந்துச் சட்டத்தை உருவாக்கப் பாடுபட்ட டாக்டர் ஹார்வி வைலி, அப்பானத்திலிருந்த கஃபீன் குழந்தைகளுக்குக் கேடு என்று கருதினார். 1909 இல் சட்டனூகா நகரில் அரசு அப்பானத்தின் சாற்றைப் பீப்பாய்களோடு கைப்பற்றியது. வழக்கின் பெயரே வேடிக்கை: ஒருபுறம் ஐக்கிய அமெரிக்க நாடுகள், எதிர்ப்புறம் 40 பெரிய பீப்பாய்களும் 20 சிறிய பீப்பாய்களும்! 1911 இல் நிறுவனம் வென்றது. 1916 இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. முடிவில் நிறுவனம் சமாதானத்துக்கு வந்து, கஃபீனைப் பாதியளவாகக் குறைத்துக்கொண்டது.

நிற்க. நாம் சொல்லவந்தது ஐரோப்பாவைப் பற்றி.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் ஒரு விதியை இயற்றியது. 1924/2006 என்பது அதன் எண். உணவுப் பொருளின் மேல் உடல்நலத்தைப் பற்றி ஒரு வாசகம் எழுத விரும்புவோர் முதலில் அதற்கு அறிவியற் சான்று காட்ட வேண்டும். இத்தாலியின் பார்மா நகரிலுள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிஞர் குழு அதனை ஆராயும். பின்னரே வாசகம் இசைவு பெறும். கஃபீனைப் பற்றிய வாசகங்களும் அக்குழுவின் முன் வந்தன. 2011 இல் குழு தன் கருத்தை வெளியிட்டது. கஃபீன் உடற்கொழுப்பைக் கரைக்கும், எடையைக் குறைக்கும் என்பவற்றுக்குப் போதிய சான்றில்லை என்று அவற்றை ஒதுக்கியது. ஆனால் ஒருவேளைக்கு 75 மில்லிகிராம் உட்கொண்டால் வளர்ந்தோரின் விழிப்பும் கவனமும் மிகும் என்பதற்குச் சான்று உண்டென ஒப்புக்கொண்டது. நெடுந்தொலைவு ஓடுவோரின் தாங்குதிறன் பற்றிய வாசகங்களுக்கும் சாதகமாகவே கூறிற்று.

உறுப்பு நாடுகள் சில தயங்கின. ஆகவே கஃபீனின் தீங்கின்மை குறித்துத் தனியே ஆராயுமாறு அவ்வாணையத்தையே கேட்டனர். 2015 இல் விடை வந்தது. நலமுள்ள வளர்ந்தோர் ஒருவேளைக்கு 200 மில்லிகிராம் வரையிலும் ஒருநாளைக்கு 400 மில்லிகிராம் வரையிலும் உட்கொள்வதால் அச்சமில்லை. கருவுற்ற தாய்மார்க்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமே எல்லை. சிறார்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம்.

இனித் தடையென்ன? அறிஞர் மெய்யென்றனர், அளவும் வகுத்தாயிற்று. ஒன்றியத்தின் ஆட்சிக்குழு, விழிப்பையும் கவனத்தையும் பற்றிய வாசகங்களுக்கு இசைவளிக்கும் முன்வரைவை அனுப்பியது. 2016 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் ஐரோப்பியப் பாராளுமன்றம் அதனை மறுத்துவிட்டது!

வாசகம் பொய்யென்று அவர்கள் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் உற்றுநோக்க வேண்டும். அவர்கள் கேட்டது வேறு: இந்த மெய் எந்தப் பொருளின் மேல் ஒட்டப்படும்? அதைப் படிக்கப்போகிறவர் யார்? 250 மில்லிலிட்டர் ஊக்க பானத்தில் 80 மில்லிகிராம் கஃபீனுடன் 27 கிராம் வரை சர்க்கரையும் இருக்கக்கூடும். வளர்ந்தவர் ஒருவர் ஒருநாள் முழுதும் உணவிற் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை 25 கிராம் அளவுக்குள் நிறுத்துவது நலம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு அறிவுரை. ஒரே டின்னில் அந்த எல்லை கடந்துவிடுகிறது. பருகுவோர் யார் எனில், பார்மா ஆணையத்திற்காக நடத்தி 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 18 வயதினருள் 68 விழுக்காட்டினர் ஊக்க பானம் பருகுவோராக இருந்தனர். 3 முதல் 10 வயதுக் குழந்தைகளிலும் 18 விழுக்காட்டினர்! 'கவனத்தைக் கூட்டும்' என்னும் சொல் தேர்வுக்குப் படிக்கும் சிறுவனின் கண்ணிற் படுமேயன்றி, கண்ணாடி அணிந்து விதிகளைப் படிக்கும் பெரியவர் கண்ணிலா முதலிற் படும்?

2006 ஆம் ஆண்டு விதியிலேயே இதற்கு ஒரு வேலி போட எண்ணியிருந்தனர். சர்க்கரையோ கொழுப்போ உப்போ மிகுந்த பொருள்கள் நலம் பற்றிப் பெருமை பேசலாகாதெனத் தடுக்கும் அளவுகோல்களை 2009 ஜனவரிக்குள் வகுக்க வேண்டுமென அவ்விதி கட்டளையிட்டது. நாள் கடந்தது, ஆண்டுகள் கடந்தன, 2016 இல் வாக்கெடுப்பு நடந்தபோதும் அவ்வளவுகோல்கள் பிறக்கவில்லை. வேலி இல்லாத தோட்டத்தில் கதவை மட்டும் திறந்துவிட மாட்டோம் என்று உறுப்பினர்கள் நின்றது நமக்கு நியாயமாகவே படுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. மெய்யைச் சொல்லக்கூடாதென ஓர் அரசு தடுக்கலாமா? இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கு அச்செய்தி பயன்படாதா? சர்க்கரையற்ற பானத்துக்கும் ஏன் அதே தடை? இவை வெறும் வணிகர் வாதமென நாம் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் இவ்வினாவைத் திருச்சபையின் பேரறிஞர் ஒருவர் 13 ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார். புனித அக்குவினாஸ் தோமையார் தமது இறையியல் பெருந்தொகுப்பில், விற்பவன் தன் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என வினவுகிறார். குதிரை ஒற்றைக்கண் உடையது என்றால் வாங்குவோனே அதைக் கண்டுகொள்வான். எனவே விற்பவன் வாய்திறந்து கூறவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் குறை மறைவாயிருந்து, வாங்குவோனுக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமாயின், அதைச் சொல்லாமல் விற்பது வஞ்சகம் என்பது அவர் துணிபு. டின்னுக்குள் கரைந்துள்ள சர்க்கரை எந்தக் கண்ணுக்குத் தெரியும்? 'விழிப்பூட்டும்' என்னும் பாதி மெய் பெரிய எழுத்திலும், 'உறக்கம் கெடும்' என்னும் மறுபாதி பொடி எழுத்திலும் நிற்குமாயின், சொல்லியது மெய்யாக இருந்தும் விற்றது நேர்மையாகுமா?

ஆனால் சொல்லைத் தடுத்துவிட்டால் போதும் என்றும் நாம் நம்பவில்லை. விளம்பரம் சொல்லால் மட்டுமா பேசுகிறது? பாயும் காளையும் பறக்கும் வீரனும் ஒரு சொல்லும் இல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனர். ரெட்புல் நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு பலரும் அறிந்ததே. சிறகு முளைக்குமென்று நம்பி ஏமாந்த ஒருவன் வழக்குப் போட்டான் என அதை நகைச்சுவையாகவே சொல்லி வருகின்றனர். உண்மை அதுவன்று. ஒரு கோப்பைக் காப்பியைவிட மேலான பயனை இப்பானம் தரும் என்ற தோற்றத்தை விளம்பரம் உண்டாக்கியது. அதற்குச் சான்றில்லை என்பதே முறையீடு. தவறேதும் செய்யவில்லை என்று கூறிக்கொண்டே, 2014 இல் அந்நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டாலர் வரை ஒதுக்கி வழக்கை முடித்துக்கொண்டது.

ஐரோப்பாவில் எச்சரிக்கையும் கட்டாயம். லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கொண்ட பானங்களின் மேல், கஃபீன் மிகுந்தது, குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் ஏற்றதன்று என்று, பானத்தின் பெயர் உள்ள பக்கத்திலேயே எழுத வேண்டும். காப்பி, தேநீர் என்றே பெயர் தாங்கியவற்றுக்கு விலக்குண்டு. அவற்றிலிருப்பது யாவர்க்கும் தெரியுமாதலால். (ஒற்றைக்கண் குதிரையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்!) சில நாடுகள் எச்சரிக்கையோடு நில்லாமல், 18 வயது நிரம்பாதோர்க்கு விற்பதையே தடுத்துவிட்டன: லித்துவேனியா 2014 இல், போலந்து 2024 ஜனவரி முதல்.

நம் நாட்டின் நிலை என்ன? உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'கஃபீன் பானம்' எனத் தனி வகை வகுத்து, லிட்டருக்கு 300 மில்லிகிராம் என மேல்எல்லை கட்டியுள்ளது. குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு ஏற்றதன்று என அச்சிடவும் வேண்டும். 2018 இல் இயற்றிய விளம்பர விதிகளின்படி நலம் பற்றிய கூற்றுகளுக்குச் சான்று இருத்தல் வேண்டும். 2024 ஏப்ரலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. நாம் தலைமுறை தலைமுறையாகப் பாலில் கலந்து பிள்ளைகளுக்கு ஊட்டிய மால்ட் மாவுகளை, இணைய வழி விற்போர் 'ஹெல்த் டிரிங்க்' என்றோ 'எனர்ஜி டிரிங்க்' என்றோ வகைப்படுத்தலாகாது என்று அவ்வாணையம் அறிவுறுத்தியது. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை நம் உணவுச் சட்டத்தில் இல்லவே இல்லை! இத்தனை காலம் அச்சொல்லை நம்பி வாங்கிய இல்லத்தலைவியர் எத்துணை பேர்!

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு, மேலே கூறிய அளவுப்படி, ஒருநாள் எல்லை 120 மில்லிகிராம். நம் நாட்டு மேல்எல்லைப்படி 250 மில்லிலிட்டர் பாட்டிலில் 75 மில்லிகிராம் இருக்கலாம். அவன் காலையிலும் மாலையிலும் வீட்டில் காப்பி குடிப்பவனாயின் அந்த ஒரு பாட்டிலே எல்லையைத் தாண்டிவிடக்கூடும். இரண்டு பாட்டில் எனில் காப்பியே வேண்டியதில்லை. ஒரு கோப்பைக் காப்பியில் 90, தேநீரில் 50 மில்லிகிராம் அளவில் இருக்கும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. நம் வீட்டு டம்ளரின் அளவுக்கும் டிகாக்‌ஷனின் திடத்திற்கும் ஏற்ப இது மாறும். டின்னைத் திருப்பிப் பிடித்தால், ஒருவேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைக் காணலாம். பிள்ளையையே படிக்கச் சொல்லிக் கணக்கையும் அவனையே போடச் சொல்லுங்கள். தடை விதிப்பதினும் இது நன்றாகப் பலிக்கும் என்பது நம் கருத்து.

பள்ளிகளை நடத்தும் பங்குகளுக்கு ஒன்று கூற வேண்டும். 2020 இல் வெளியான விதிகளின்படி, கொழுப்போ உப்போ சர்க்கரையோ மிகுந்த உணவுகளைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும், பள்ளி வாயிலைச் சுற்றி 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கலாகாது. பல ஊர்களில் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஒரே மதில்தான். திருவிழாக் கடைகள் அம்மதிலையொட்டியே போடப்படுகின்றன. கடைகளை ஏலம் விடும் குழுவினர் அந்த 50 மீட்டரை இவ்வாண்டு ஒருமுறை அளந்து பார்க்கலாம்.