நிற்கத் தெரிந்த புல்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு பங்களா. மதிலோரப் பாத்தியில் இட்லிப்பூச் செடிகள் மூன்று அடுத்தடுத்துப் பட்டுப்போய், நாலடி அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. மகளின் நிச்சயதார்த்தத்துக்குள் அது மூடியாக வேண்டும் என்றார் வீட்டுக்காரர். நான் நேரே நர்சரிக்குப் போனேன். அன்றைக்குத் தோகை விட்டு ஆடிக்கொண்டிருந்த சிவப்பு ஃபவுண்டன் புல்லில் ஐந்து கவர் வாங்கிவந்து நட்டேன். விசேஷத்துக்கு வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கோடைக்குள் ஐந்தும் ஒன்றை ஒன்று நெருக்கி, அடித்தாள் காய்ந்து, ஓரத்தில் தப்பியிருந்த இட்லிப்பூவின் மேலும் சாய்ந்து படுத்துவிட்டன. பழைய கதைதான். தோட்டம் போட்டுக் கொடுக்கும் நம்மில் பலர் இன்றும் இப்படியே ஓட்டை அடைத்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

அன்று நான் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இட்லிப்பூ ஏன் செத்தது? புளிப்பு மண்ணை விரும்பும் செடி அது. அந்த வீட்டுப் போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றபோதே சேதி தெரிந்திருக்க வேண்டும். ஓட்டைக்குக் காரணம் டிரிப் அடைப்பாக இருந்தால் அங்கே புதுச்செடியே வேண்டியதில்லை. தண்ணீர் தேங்குவது காரணமென்றால் எலுமிச்சைப் புல்லும் அழுகும். மரம் வளர்ந்து நிழல் விழுந்ததுதான் காரணமென்றால் அழகுப் புற்களில் பெரும்பாலானவை அங்கே உதவா. நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் வெளிச்சம் தேடிச் சாயும், தூர் கட்டாது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நாம் வைக்கும் மோண்டோ புல் தாக்குப்பிடிக்கிறதே என்பீர்கள். அது பெயரில்தான் புல். குடும்பத்தில் சாத்தாவாரிக்குச் சொந்தம்.

பாத்தியில் புல் வைக்கும் இந்த ரசனை நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மனியில் பொட்ஸ்டாம் அருகே நர்சரி வைத்திருந்த கார்ல் ஃபெர்ஸ்டர் (1874–1970) புற்களைப் பூச்செடிகளுக்குச் சமமாக உட்கார வைத்தார். நெதர்லாந்தின் பீட் ஔடால்ஃப் அதையே பெரும் பூங்காக்களுக்கு எடுத்துச் சென்றார். நியூயார்க்கில் கைவிடப்பட்ட ரயில் மேம்பாலத்தின் மேல் 2009-இல் திறந்த ஹை லைன் அவர் நடவு வகுத்த இடம். அங்கே குளிர்காலம் முழுக்கப் புல்லைக் காய்ந்தபடியே விட்டுவைத்து, வசந்தத்தின் தொடக்கத்தில்தான் அறுக்கிறார்கள். உறைபனி படிந்த பழுப்புத் தோகையில் சாய்வெயில் படுவதைப் பார்க்கவே அந்த ஏற்பாடு. சென்னையில் உறைபனியும் இல்லை, சாய்வெயிலின் அந்த நிறமும் இல்லை. காய்ந்த புல்லைப் பார்த்த மாத்திரத்தில், "தோட்டக்காரர் வர்றதில்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

அங்கே பேர் வாங்கிய புற்கள் பலவும் இங்கே வாழவும் மாட்டா. குளிர்பருவப் புற்களுக்கு உகந்த வெப்பம் ஏறக்குறைய 16 முதல் 24 டிகிரி. வெயில்பருவப் புற்களுக்கு 27 முதல் 35. ஃபெர்ஸ்டர் பெயரைத் தாங்கிய கலமக்ராஸ்டிஸ், நீல ஃபெஸ்க்யூ எல்லாம் முதல் வகை. ஊட்டியில், கொடைக்கானலில் முயலலாம். நம் சமவெளியில் நீல ஃபெஸ்க்யூ வைத்தால் ஜூன் புழுக்கத்தில் நடுத்தூரிலிருந்து அழுகத் தொடங்கும். படத்தைக் காட்டி அதைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்வதும் நம் தொழிலில் சேர்த்தி.

பிழைக்கும் புற்களிடம் அடுத்த சிக்கல், அவை எங்கே நிற்கும் என்பது. தூர் கட்டி இருந்த இடத்திலேயே பருப்பவை ஒரு சாதி. மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு விட்டு ஓடுபவை இன்னொரு சாதி. வெள்ளை வரி போட்ட அருண்டோ கவரில் அடக்கமாகத்தான் இருக்கும். தரையில் விட்டால் பிறகு கடப்பாரைதான். ஜப்பான் இரத்தப்புல் என்று சிவந்த நுனியோடு விற்பது, இங்கே தருப்பை என்று விலைபோகும் புற்களில் ஒன்றான இம்பெரேட்டாவின் வகை. சிவப்பு போய்ப் பச்சைக்குத் திரும்பினால் அதன் ஓட்டம் இன்னும் கூடும். இந்த இரண்டு இனங்களும் உலகின் மிக மோசமான 100 ஊடுருவிகள் பட்டியலில் இருக்கின்றன.

விதையால் ஓடுபவை வேறு. பச்சை ஃபவுண்டன் புல்லை ஹவாய்த் தீவுக்கு அழகுக்காகக் கொண்டுபோனார்கள். இன்று மேற்குப் பக்க எரிமலைப் பாறைவெளிகளை அது மூடிக் கிடக்கிறது; தீப்பற்றினால் வேகமாக எரிந்து, மற்றவை எழுமுன் தானே முதலில் துளிர்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சிவப்பு வகை முளைக்கும் விதையை ஏறக்குறைய வைப்பதில்லை. தூர் பிரித்துத்தான் பெருக்குகிறார்கள். ஆனால் நர்சரியில் இரண்டுக்கும் ஒரே பெயர். விதை போட்டு வளர்த்ததா, தூர் பிரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். நீலகிரியில் பங்களா வாசல்களில் நிற்கும் பம்பாஸ் புல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தில் அதை விற்கவே கூடாது. கலிஃபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது களை. சோலைப் புல்வெளிகளில் மிச்சம் இருப்பதைக் காக்கப் போராடும் ஒரு மலையில், அந்தத் தோகையை நாம் காசுக்கு நட்டுக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எதை வைப்பது? கூரையில் தட்டியாகவும் பானையில் வேராகவும் தெரிந்ததாலோ என்னவோ, வெட்டிவேரை நாம் பாத்திச் செடியாகவே பார்ப்பதில்லை. தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைக்காது, கிழங்குத்தண்டும் ஓடாது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும், மூன்று மீட்டருக்கும் மேலாக. அதனால் அண்டைச் செடியோடு சண்டை குறைவு. உப்பும் தாங்கும், சில நாள் தேங்கும் தண்ணீரும் தாங்கும். 1980-களில் உலக வங்கி மண் அரிப்பைத் தடுக்க இந்தியாவில் இதைப் பரப்ப முனைந்தபோது, குண்டலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறைகளாக இதை வரப்பு வேலியாக வைத்திருந்தார்கள். குறையும் உண்டு. ஐந்தாறு அடி உயரும், இலை விளிம்பு கையைக் கீறும். ஆகவே பாத்தியின் பின்வரிசைதான் அதன் இடம். வருடத்துக்கு இரண்டு முறை அறுத்தால் மூன்றடியில் நிற்கும். நடுவரிசைக்கு எலுமிச்சைப் புல், தண்ணீர் வடியும் இடமானால். முன்வரிசையில் ஓரடிக்குள் அடங்கும் நல்ல புல் நம் சமவெளிக்கு எனக்குச் சிக்கவில்லை. அங்கே நான் புல்லே வைப்பதில்லை.

எண்ணிக்கையை இரண்டாம் வருட அகலத்தை வைத்துப் போடுங்கள். எலுமிச்சைப் புல்லும் சிவப்பு ஃபவுண்டனும் தூருக்கு மூன்றடி பிடிக்கும். நாலடி ஓட்டைக்கு ஒன்று போதும். முதல் ஆறு மாதம் சுற்றிலும் மண் தெரியும். அங்கே செண்டுமல்லி விதை தூவிக்கொள்ளலாம். அறுப்பை வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பிப்ரவரியில் வைக்காதீர்கள். அறுத்த தூர் நேரே கோடைக்குள் போய் மாட்டும். நான் அறுப்பது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால், கருக்கரிவாளால், தரைக்கு ஒரு சாண் விட்டு. துளிர் மழையில் எழும். தீபாவளி ராக்கெட் வந்து விழும்போது மதிலோரத்தில் காய்ந்த புல்லும் இருக்காது.

அந்தப் பங்களாவுக்கு வருகிறேன். ஐந்து புல்லையும் பிடுங்கிவிட்டு, கடலூர்ப் பக்கம் வெட்டிவேர் போடும் ஒரு விவசாயியிடம், வேரை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் தூரில் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ஒரு சாணுக்கு நுனியைக் கத்தரித்து, பின்வரிசையில் இரண்டு குத்து நட்டேன். இன்றும் நிற்கிறது. அதில் எனக்குக் கிடைத்த லாபம் பெட்ரோல் செலவுக்கே காணவில்லை. வெட்டிவேர் நம் கொட்டேஷன்களில் வராததற்கு உண்மைக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். செடி விலையில் வைக்கும் லாபத்தில்தான் நாம் பிழைக்கிறோம். ஐந்து கவர் போகும் இடத்தில் ஒரு தூர் என்று சொல்ல வாய் வருவதில்லை. நான் இப்போது மண்ணும் தண்ணீரும் பார்ப்பதற்கு ஒரு தொகை, இரண்டாம் வருடம் வந்து தூர் பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு தொகை என்று தனித்தனி வரியாக எழுதுகிறேன். முதல் வரிக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட இரண்டாவதைத் தொடுவதில்லை.