நாய்க்கு வேறு வேலை இல்லையா?

பரோக் கால அச்சோவியங்களில் வரும் நாயெல்லாம் விசுவாசத்தின் குறியீடாம். சக ஏடொன்றின் ஓவியச் சிறப்பிதழில் ஒரு கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு வழங்கிவிட்டது. அந்தக் கட்டுரைக்குப் பரிசு வேறு.

எந்த நாய் ஐயா? ரெம்ப்ராண்ட் 1633இல் செப்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்தெடுத்த ‘நல்ல சமாரியன்’ படத்தின் முன்புறத்தில் குந்தி மலம் கழிக்கிறதே, அதுவா? அடிபட்டவனைக் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள், பின்னால் ஒருத்தி கிணற்றில் நீர் இறைக்கிறாள், நாய் தன் காரியத்தைப் பார்க்கிறது. லண்டன் வாலஸ் தொகுப்பில் இதே காட்சியின் வண்ண ஓவியம் இருக்கிறது. அதில் இந்த நாய் இல்லை. வண்ண ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். அச்சுப்படம் பல கை மாறும், சந்தைக்குப் போகும். அந்த வழியாகத்தான் தெரு உள்ளே நுழைந்தது என்பது நம் கட்சி. ழாக் காலோ 1622 வாக்கில் போட்ட பிச்சைக்காரர் அச்சுப்பட வரிசையிலும் நாய் உண்டு. சீமாட்டி மடியில் கிடப்பதற்கும் அதற்கும் ஒரே பொருளா?

கடம்பத்தூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்கு நிற்பவரைக் கேட்டாலே சொல்வார். நடைமேடையில் படுத்திருப்பது யாருக்கும் சொந்தமில்லை; டீக்கடை பிஸ்கட்டில் வளர்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி கேட்டில் கட்டியிருப்பதோ மேனேஜர் காருக்கு வாலாட்டும், ஷிப்டு முடிந்து நடந்துவரும் ஒடிசாப் பையனைப் பார்த்துக் குரைக்கும். விசுவாசம்தான், யாருக்கு என்பதல்லவா கேள்வி?

தகட்டுக்குத் திரும்புவோம். படம் அச்சிடத் துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டு பிளாக் எடுத்த காலத்தில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு, ஒரு கோடு நிற்க எவ்வளவு பாடு என்று தெரியும். அப்படி அரித்தெடுத்த நாயை ஒரு கருத்தாக ஆவியாக்க அவர்களுக்கு மனம் வந்திருக்காது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்தியோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்று பெயர். இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்தது என்பது செய்தி. பெயர் இருக்கிறது, செயல் இருக்கிறது, கடிபட்டவர் எண்ணிக்கைகூட இருக்கிறது. குணப் பாராட்டு மட்டும் இல்லை.

ஏழாம் நூற்றாண்டுக் கல்தச்சனுக்கு இருந்த கண் நம் திறனாய்வாளருக்கு இல்லாமல் போனதற்குக் கோட்பாட்டைக் குறை சொல்லமாட்டோம். அமைப்பியலோ குறியியலோ படத்தைப் பார்க்காதே என்று யாருக்கும் சொல்லவில்லை. அகராதி மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தாமரைக்கு இது, நாய்க்கு இது என்று நிரப்பித் தருவது நம்மூர்த் தொழில். பரிசுக் குழுக்களுக்கும் அதுதான் சௌகரியம். அவர்களும் படத்தைப் பார்க்கவேண்டியதில்லை.