ஐந்து மணிக்கு இருட்டும் ஊரில் ஒரு மகளிர் சாஃப்ட்பால் அணி

இது சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ஆய்வுப் பணிக்காக ஜங்லிகாட்டில் தங்கியிருக்கிறேன். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் ஒரு பகுதி இது. மீன் இறங்குதளமும் சந்தையும் உள்ள இடம். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் வங்காளமும் கேட்கும். அனைவருக்கும் பொதுவான மொழி இந்தி. நான் இளங்கலைக் காலத்தில் தமிழகத்தில் சாஃப்ட்பால் ஆடியவள் என்பதை எப்படியோ அறிந்துகொண்ட கல்லூரி மாணவியர் இருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தனர். இவ்வாண்டு கல்லூரி அணியில் சேரவிருக்கிறார்களாம். “பயிற்சியை எப்போது தொடங்கலாம், அக்கா?” என்று கேட்டனர்.

மிக எளிய கேள்வி. ஆயினும் என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணங்களை எண்ணிப் பார்த்தபோது, நம் கல்லூரிகள் மகளிர் விளையாட்டை நடத்தும் முறை குறித்துச் சில செய்திகளை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்று தோன்றியது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் மகளிர் அணிகளுக்குப் போட்டிகள் உண்டு. விளையாட்டுப் பருவம் என ஒன்று இல்லை. போட்டி அறிவிப்பு வந்தபின் அணியைத் திரட்டுகிறோம். போட்டி முடிந்ததும் அணி கலைந்துவிடுகிறது. பதக்கமின்மையைக் காட்டிலும் இதுவே பெரிய குறை. இதனால் மாணவியரின் உடலுக்கும் தீங்கு நேர்கிறது.

ஆட்டத்தை அறியாதோருக்குச் சுருக்கமாகச் சில விவரங்கள். சாஃப்ட்பால் 1887இல் சிகாகோ நகரில் பிறந்தது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியை மட்டையாகக் கொண்டு, நவம்பர் குளிரில் ஒரு கூடத்துக்குள் ஆடத் தொடங்கினர். பெயரில் மென்மை இருப்பினும் இன்றைய பந்து மென்மையானதன்று. அதன் சுற்றளவு 12 அங்குலம். களத்தில் ஓர் அணிக்கு ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ், பேஸ்களுக்கு இடையே 60 அடி. மகளிர் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தொலைவிலிருந்து கையை முழுவட்டமாகச் சுழற்றிக் கீழ்க்கையால் எறிகிறார். உயர்நிலை ஆட்டங்களில் பந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய அரை நொடிகூட ஆகாது. மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்திருக்கும் கேட்சருக்கு முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் காப்பு ஆகியவை இன்றியமையாதவை.

இத்தகைய ஆட்டத்துக்கு உடலைப் பழக்க எத்தனை நாள் வேண்டும்? கீழ்க்கை எறிதல் தோளுக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அதனால்தான் பேஸ்பாலில் எறிதல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய அளவுக்கு இங்கே எவரும் கவலைப்படவில்லை. உடலியக்கவியல் ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்துவிட்டன. சுழற்றி எறியும்போது தோள் மூட்டின் மீது விழும் விசை, மேல்கை எறிதலில் விழும் விசைக்குக் கிட்டத்தட்ட நிகரானது. மேலும், திடீரென நிற்றல், திரும்புதல், குதித்தல் ஆகியவை மிகுந்த ஆட்டங்களில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழியும் இடர், ஆடவரைவிட மகளிருக்கு அதிகம். பருவத்துக்கு முன்பே தொடங்கிப் பல வாரங்கள் செய்யும் தசைக்கட்டுப்பாட்டுப் பயிற்சி அந்த இடரைக் குறைக்கும் என்பதும் நிறுவப்பட்ட செய்தி. அவசரமாக மூன்று வாரத்தில் திரட்டப்படும் அணிக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. நான் படித்த கல்லூரியில் போட்டிக்குப் பதினெட்டு நாள் முன்னர் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் இரண்டாம் பேஸ். எங்களுக்கு ஒரே ஒரு பிட்சர். விடுதியில் எனக்கு அடுத்த அறைத் தோழி. இழந்த மாதங்களைப் பதினெட்டு நாளில் ஈடுகட்ட, நாள்தோறும் காலையும் மாலையும் எறிந்தாள். பன்னிரண்டாம் நாள் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. வெளியே சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சி மறைத்தாள். நாங்களும் சேர்ந்து மறைத்தோம். முதல் ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸோடு அவளது விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. நாங்கள் தோற்றோம் என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அவள் தோளைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. அந்த மௌனத்தில் எனக்கும் பங்குண்டு என்பதாலேயே, ஜங்லிகாட் மாணவியரின் கேள்வி என்னை அவ்வளவு தொந்தரவு செய்தது.

இனி இத்தீவுக்கே உரிய தடைகள். முதலாவது சூரியன். அந்தமான் இந்தியாவின் கிழக்கு விளிம்பில் கிடக்கிறது. கடிகாரமோ நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அதனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை ஐந்து மணியை ஒட்டிக் கதிரவன் மறைந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில்கூட ஆறு மணிக்கு முன்பே மறைவு. வகுப்பு முடிந்தபின் மைதானம் என்ற, நிலப்பரப்புக் கல்லூரிகளுக்கான வழக்கத்தை இங்கே அப்படியே பின்பற்றினால் பயிற்சிக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. இருட்டியபின் மகள் வீடு திரும்புவதை விரும்பாத பெற்றோரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் இந்த இழப்பு இருபாலருக்கும் சமமாக விழுவதில்லை. இருட்டிய பிறகும் இளைஞர் தெருவிளக்கின் கீழ் பந்து தட்டுவதைக் காண்கிறோம். மாணவியின் நாள் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. மே முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கல்வியாண்டின் ஆயத்தக் காலம் முழுவதும் மைதானம் சேறாகவே கிடக்கும். தரை உலரும்போது தேர்வுகள் நெருங்கிவிடும்.

மூன்றாவது கடல். இத்தீவுகளின் கல்லூரிகள் நீண்ட காலமாகப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கி வந்தவை. ஆகவே பெரிய போட்டி என்றாலே நிலப்பரப்புக்குச் சென்றாக வேண்டும். சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். முதல் சுற்றில் தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில் நடக்கும் போட்டியாயின், போகவும் வரவும் ஆறு நாள் கடலில் கழித்து, ஏழே இன்னிங்ஸ் ஆடித் திரும்ப வேண்டியதுதான். கப்பல் தளத்தில் மூன்று நாள் முடங்கிய கால்களோடு இறங்கி உடனே ஆடும் அணியை, நாள்தோறும் மைதானத்தில் பழகிய அணியோடு ஒப்பிட்டுத் தரமில்லை என்று தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

இத்தடைகளைக் கூறிவிட்டு, எனவே இது இயலாத செயல் என்று முடிப்பது எளிது. ஆனால் இத்தீவுகளே அதை மறுக்கின்றன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது கார் நிக்கோபாரில் ஒன்பது வயதுச் சிறுமியாக உயிர்தப்பிய டெபோரா ஹெரால்டு, பின்னாளில் இந்தியாவின் முன்னணிச் சைக்கிள் வீராங்கனையானார். இத்தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் உலக இளையோர் தடகளச் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார். அந்த விளையாட்டில் பயிற்சி இடைவிடாமல் நடந்தது; பயிற்சியாளரும் கருவியும் ஆண்டு முழுவதும் இருந்தன. பலன் அதன்பின்னரே வந்தது.

சாஃப்ட்பாலுக்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டங்களில் 413 முறை எறிந்து தங்கம் பெற்றுத் தந்தார். அத்தோடு ஒலிம்பிக்கிலிருந்து சாஃப்ட்பால் நீக்கப்பட்டது. 2012இலும் 2016இலும் ஆட்டமே இல்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2021 ஜூலையில் டோக்கியோவில் ஆட்டம் மீண்டபோது, 39 வயது உவேனோ மீண்டும் எறிந்தார். ஜப்பான் மீண்டும் வென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நாட்டில் நிறுவன அணிகளின் லீக் ஆட்டங்கள் நிற்கவேயில்லை. வெளியே மேடை இல்லாத காலத்திலும் உள்ளூரில் பருவம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் அனுபவம் வேறொரு பாடம் தருகிறது. 1972இல் கல்வி நிறுவனங்களில் பால்வேறுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. அதற்குச் சற்று முன் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய மாணவியர் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்துக்கும் மேல். அச்சட்டம் மாணவியரிடம் பதக்கம் கேட்கவில்லை. அவர்களுக்கு எத்தனை வாய்ப்பு, எவ்வளவு நேரம், எத்தகைய வசதி என்று நிறுவனங்களிடம் கேட்டது. நமது தேசியக் கல்விக் கொள்கை 2020உம் பாடத்திட்டத்துக்கும் பாடத்திட்டத்துக்குப் புறம்பான செயல்களுக்கும் இடையே கடுமையான பிரிவினை வேண்டா என்கிறது. அவ்வாறாயின், ஒரு மாணவியின் பயிற்சி நேரம் கால அட்டவணையில் ஏன் ஓரிடமும் பெறுவதில்லை?

எதிர்வாதங்களையும் நான் அறிவேன். கபடியும் கைப்பந்தும் இருக்க, இறக்குமதியான ஆட்டம் எதற்கு என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். செலவு குறித்த அவரது கவலை நியாயமானதே. ஒன்பது கிளவுஸும் ஒரு கேட்சர் கவசத் தொகுதியும் சிறு கல்லூரிக்குச் சுமைதான். கைப்பந்தைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரியோடு எனக்கு வழக்கில்லை. அந்த அணிக்கும் இதே பருவத்தைத் தாருங்கள் என்பேன். ஆயினும் சாஃப்ட்பாலுக்கென ஒரு தகுதி உண்டு. மலைப்பாங்கான இத்தீவில் பரந்த மைதானம் அரிது. சாஃப்ட்பாலின் வெளிக்களம் ஏறத்தாழ 200 அடி ஆரத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று: கேட்சர் விரல் சைகைகளால் பிட்சருடன் பேசுவார். வீட்டில் நான்கு மொழி பேசும் மாணவியர் ஓரணியாகும் ஊரில், அனைவரும் புதிதாகச் சேர்ந்து கற்கும் ஐந்தாம் மொழி அது.

என் முன்மொழிவுகள் மூன்று.

ஒன்று, பயிற்சியைக் காலைக்கு மாற்றுவோம். மாலையில் பறிபோகும் வெளிச்சத்தைத் தீவு காலையில் திருப்பித் தருகிறது. ஜூனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள், ஐந்தரை முதல் ஏழு வரை. ஆனால் காலை நேரத்தில்தான் வீட்டு வேலையும் மாணவியர் மீது விழுகிறது. எனவே அந்நாள்களில் அணியினருக்கு முதல் வகுப்பில் வருகைப்பதிவுச் சலுகையும், கல்லூரி வளாகத்தில் சிற்றுண்டியும் வேண்டும். பெற்றோரிடம் மாணவியே போராடி அனுமதி பெறும் நிலையை விடுத்து, கல்லூரி கையொப்பமிட்ட அட்டவணை வீட்டுக்குச் செல்லட்டும்.

இரண்டு, குறைந்தது பன்னிரண்டு வாரப் பருவம் ஒன்றை அறிவிப்போம். மழை நாளில் கூடத்துக்குள் செல்வோம். இந்த ஆட்டம் பிறந்ததே கூடத்தில்தானே. சுவரில் எறிந்து மணிக்கட்டைப் பழக்கலாம். தாழ்வாரத்தில் டென்னிஸ் பந்தை உருட்டிப் பிடிக்கலாம். முழங்கால், தோள் வலுவூட்டும் பயிற்சிகளைச் செய்யலாம். பிட்சர் ஒவ்வொரு நாளும் எத்தனை முறை எறிந்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே பிட்சரை நம்பாமல் மூவரைப் பழக்க வேண்டும். சீருடைக்கு முன் கேட்சரின் முகக்கவசம் வாங்கப்பட வேண்டும்.

மூன்று, உள்ளூர் லீக். 1967 முதல் இயங்கும் ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரி, தாகூர் அரசு கல்வியியல் கல்லூரி, அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை இந்நகரிலேயே உள்ளன. மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால், கடலைக் கடக்காமலே ஒரு பருவத்தில் ஆறு, ஏழு ஆட்டங்கள் ஆடலாம். அதன்பின் நிலப்பரப்புக்குச் செல்லும் அணி, தோற்றாலும் தன் ஆட்டத்தை அறிந்து தோற்கும்.

இவற்றுள் பணம் பெரிதும் தேவைப்படுவன சிலவே. முதல் முன்மொழிவுக்கு வேண்டியது ஒரு சுற்றறிக்கையும் சிற்றுண்டிச் செலவும்தான். இதை வாசிக்கும் துறைத்தலைவர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் தத்தம் கல்லூரியில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டுகிறேன்: சென்ற ஆண்டு மகளிர் அணி முதன்முதலாக ஒன்றுகூடிய நாளுக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே எத்தனை நாள்? மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்: தோள் வலித்தால் சொல்லுங்கள். தோழி மறைத்தால் நீங்களாவது சொல்லுங்கள்.

அம்மாணவியர் இருவருக்கும் நேற்று விடை கூறிவிட்டேன். திங்கள்கிழமை காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மழை பெய்தால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கூரையின் கீழ், சுவரும் இரண்டு டென்னிஸ் பந்துகளும் போதும். கேட்சர் கிளவுஸ் பயன்படுத்தாமல் வைத்திருப்போர் எவரேனும் இங்கிருந்தால் தெரிவியுங்கள். நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.