அழிக்கும் முன் ஒரு நிமிடம்

வீடியோக்காரன் ஒருவனின் தொழில் புலம்பல் என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் வீட்டுக் கல்யாணத்தையும், உங்கள் தாத்தா பாட்டியின் குரலையும் பற்றிய செய்தி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் பொங்கல் விழாவைப் படம் பிடிக்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றித் தன் தகப்பனார் சொன்னதையெல்லாம் காமிரா முன் உட்கார்ந்து சொன்னார். மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வார்களே, அதே வெள்ளம்தான். மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை அடித்துக்கொண்டு போனதும் அதுதான். பெரியவர் 40 நிமிடம் பேசினார். விழாப் படத்தில் 3 நிமிடம் மட்டும் சேர்த்தேன்.

அடுத்த முகூர்த்த மாதத்தில் ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. பழைய ஃபோல்டர்களை வரிசையாக அழித்தேன். ‘புராஜெக்ட் ஃபைல்தான் இருக்கிறதே, வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம்’ என்ற தைரியம். பெரியவர் காலமான பிறகு அவர் பேரன் போன் செய்தான். “அண்ணே, தாத்தா பேசுனது முழுசா இருக்கா?” புராஜெக்டைத் திறந்தேன். டைம்லைனில் கிளிப்புகள் எல்லாம் வரிசையாக நின்றன. ஓட்டிப் பார்த்தால் படம் வரும் இடத்தில் சிவப்புத் திரை, ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற அறிவிப்பு. அந்த 3 நிமிடத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். புராஜெக்ட் ஃபைல் என்பது படம் அல்ல. எந்தக் கிளிப்பை எங்கே வெட்டினோம், எந்தப் பாட்டை எங்கே வைத்தோம் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். படமும் ஒலியும் வேறு ஃபோல்டரில் இருக்கும். படம் போய்விட்டால் அந்தக் குறிப்பு ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது. அதேபோல, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளில் பட்டியலிலிருந்து பழைய புராஜெக்டை நீக்கினால் நாம் செய்த எடிட்டிங் போய்விடும். ஆனால் டிஸ்க்கில் இடம் மட்டும் காலியாகாது, கிளிப்புகள் அப்படியே கிடக்கும். இடம் கிடைக்கவில்லையே என்று கோபத்தில் அடுத்து கிளிப் ஃபோல்டரிலும் கை வைப்பார்கள். இரண்டும் போய்விடும்.

‘எல்லா ஊரிலும் நடப்பதுதானே, நமக்கு மட்டும் என்ன?’ என்று கேட்கலாம். நமக்கு மட்டும்தான் என்பேன். நம்மில் பலருடைய பாட்டன்மார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலையேறி வந்தவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் நம்மவர் கதையும் அப்படித்தான். தமிழ் பேசுகிறோம், ஆனால் தமிழ்நாட்டின் கணக்கில் இல்லை. கேரளத்தின் நூலகங்களிலும் நம் வீட்டுக் கதைகளைத் தேடி எடுக்க முடியாது.

தோட்டத்தில் இருப்போருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வருகிறோம். ‘இதுதான் நம் வீடு’ என்று பேரப்பிள்ளைக்குக் காட்டுவதற்கு அந்த வாசலில் போட்ட பந்தலும், அங்கே எடுத்த கல்யாண வீடியோவும்தான் மிச்சம். வீடுதான் சொந்தமில்லை என்றாகிவிட்டது; படமாவது சொந்தமாக இருக்க வேண்டாமா?

பெரிய படங்களுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. 1931இல் வந்த தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது, ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்த ஜே.சி. டேனியல் நம் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்தார். அந்தப் படச்சுருளைச் சிறுவயதில் விளையாட்டாகத் தீயில் போட்டது தான்தான் என்று அவர் மகனே பின்னாளில் வருத்தத்தோடு சொன்னார். வீட்டில் இருந்த பொருளின் மதிப்பு வீட்டுப் பிள்ளைக்கே தெரியவில்லை. குழந்தையைக் குறை சொல்ல முடியுமா? சொல்லிக் கொடுக்காதது பெரியவர்கள் தவறு.

இதற்கு நேர்மாறானது ‘மார்த்தாண்டவர்மா’ என்ற 1933ஆம் ஆண்டு மௌனப்படம். நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி, திருவனந்தபுரத்துப் புத்தக வெளியீட்டாளரின் கைக்குப் போனது. எங்கோ ஒரு மூலையில் கிடந்ததால் பிழைத்தது. 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974இல் அதைப் பெற்றுப் பாதுகாத்தது. யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள், அதனால் இன்றும் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இப்போது பல காமிராக்களில் முழு ஹெச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 22 ஜி.பி. பிடிக்கிறது, 4கே என்றால் 45 ஜி.பி. வரை போகும். இரண்டு காமிரா வைத்து நான்கு மணி நேரம் கல்யாணம் எடுத்தால் ஹெச்.டி.யிலேயே 180 ஜி.பி. ஆகிவிடும். ஒரு டி.பி. டிஸ்க்கில் ஐந்து கல்யாணம்தான் கொள்ளும். சிறிய ஸ்டூடியோக்காரர் எத்தனை டிஸ்க் வாங்குவார்? ஆகவே அழிப்பது குற்றமில்லை. எது எது என்று பார்க்காமல் அழிப்பதுதான் குற்றம்.

எந்தக் கவலையும் இல்லாமல் அழிக்கக் கூடியவை உண்டு. எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்காகத் தானே செய்துகொள்ளும் கேச் ஃபைல்கள் பல ஜி.பி. இடத்தை அடைத்திருக்கும். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் அவற்றை நீக்க வழி இருக்கிறது. நீக்கினாலும் தேவைப்படும்போது மென்பொருள் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். மெதுவான கணினிக்காகச் செய்த சிறிய பிராக்ஸி பிரதிகளும் அப்படித்தான். இரண்டு முறை காப்பி செய்தவை, ஆடிப்போனவை, தரையைப் படம் பிடித்தவை ஆகியவற்றையும் தாராளமாக நீக்கலாம். முதலில் இவற்றைத் துடைத்தாலே நிறைய இடம் கிடைக்கும்.

அழிக்கக் கூடாதவை மூன்று. முடிந்த படத்தின் நல்ல தரப் பிரதி ஒன்று. பெரியவர்கள் பேசுவது, பாடுவது, கும்மி, ஒப்பாரி, ஊர்த் திருவிழா ஆகியவற்றை எடுத்த மூலப் படம், வெட்டாமல் முழுதாக, இரண்டு. பயன்படுத்திய கிளிப்புகளோடு சேர்த்துக் கட்டிய புராஜெக்ட் மூன்று. இப்படிக் கட்டுவதற்குப் பிரீமியரில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ இருக்கிறது, ரிசால்வில் ‘புராஜெக்ட் ஆர்கைவ்’ இருக்கிறது. கூடவே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த ஊர், எந்த வருடம், படத்தில் இருப்பவர் யார் யார். பெயர் தெரியாத முகம் இருபது வருடம் கழித்து யாருக்கும் பாட்டியாகாது.

பிரதிகள் ஒரே இடத்தில் இருந்தால் பயனில்லை. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதியை ஒரு கட்டளை தவறுதலாக அழித்துவிட்டது. மாற்றுப் பிரதியைத் தேடினால் அது சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்மணியின் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. அத்தனை பெரிய நிறுவனத்தையே ஒரு வீட்டுப் பிரதி காப்பாற்றியிருக்கிறது.

நம் மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது, 70 உயிர்கள் போயின. உயிர்களே போன இடத்தில் படத்தைப் பற்றிப் பேசுவது சரியா என்று எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் வீட்டோடு எல்லாமே மண்ணுக்குள் போகும்போது, போனவரின் முகத்தைப் பார்க்க மிஞ்சுவது வெளியூரில் உறவுக்காரரிடம் இருக்கும் பிரதி மட்டுமே. ஆகவே ஒரு பிரதி மலையில் இருக்கட்டும், ஒரு பிரதி சமவெளியில் இருக்கட்டும். கோவில்பட்டி அக்கா வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் கிடந்தால் என்ன குறைந்துவிடும்? வருடத்துக்கு ஒரு முறை அதைக் கணினியில் போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று. ஸ்டூடியோ நண்பர்களே, அழிப்பதற்கு முன் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போடுங்கள். ‘டிஸ்க் கொண்டு வந்தால் மூலப் படத்தைத் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். குடும்பத்தாரே, ஆல்பத்தோடு நின்றுவிடாமல் மூலப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு டிஸ்க்கின் விலை பெரிதல்ல. சங்க நிர்வாகிகளே, விழாப் படங்களையும் பெரியவர்களின் பேச்சையும் சேர்த்து வைக்கச் சங்கத்தின் பெயரில் இரண்டு டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றை மூணாறிலும் ஒன்றைப் பாலக்காட்டிலும் வையுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம். படங்களைப் பிரித்து, பெயர் எழுதி அடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் நான் செய்து தருகிறேன்.

அந்தப் பேரனுக்கு 3 நிமிடப் படத்தைத்தான் கொடுக்க முடிந்தது. அவன் திட்டவில்லை. “இதாவது இருக்கேண்ணே” என்றான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.