ஓசை இல்லையெனில் பழுதா?

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ‘புஸ்’ என்ற ஓசை எழவில்லை, வால்வு பழுது என்று கூறி வீட்டுப் பிள்ளை பணம் கேட்கிறானா? சற்றுப் பொறுங்கள்.

காலை எடுத்ததும் எஞ்சினுக்குச் செல்லும் காற்றுப்பாதை மூடிக்கொள்கிறது. டர்போ அழுத்தி அனுப்பிய காற்று திரும்பி மோதாதிருக்க, அதனை விடுவிப்பதே இவ்வால்வின் பணி. பெரும்பாலான கார்களில் அக்காற்று வெளியேறுவதில்லை. டர்போ காற்றை உள்ளிழுக்கும் குழாய்க்கே திரும்புகிறது. அங்கே அமைதிதான் இயல்பு. பாண்டிபஜார் நெரிசலில் ஊரும் வண்டியிலோ, விடுவிப்பதற்கு அழுத்தம்தான் ஏது?

இழுவை குறைந்திருந்தால் மட்டும் ஐயம் கொள்ளுங்கள். முதலில் வால்வுக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாயைப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் அதில் வெடிப்பு விழுந்திருக்கலாம். அது நன்றாயிருப்பின், கைப்பம்பினால் காற்றை உறிஞ்சி, வால்வின் உட்சவ்வு கிழிந்துள்ளதா எனச் சோதிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சிய வெற்றிடம் நிலைத்து நின்றால் சவ்வு நலம். கலைப் பட்டதாரியான எனக்கே அடையாறு மெக்கானிக் ஒருவர் இதனை எளிதில் விளங்கவைத்தார். (புது வகைகளில் வால்வு மின்சாரத்தால் இயங்கும், அங்கே மின்னிணைப்பைப் பார்க்க வேண்டும்.)

ஓசைக்கென்றே காற்றை வெளியே விடும் வால்வை மாட்டுவோரும் உளர். உள்வரும் காற்றைச் சென்சார் அளக்கும் கார்களில், அளந்த காற்று வெளியே போய்விட, பெட்ரோல் மிகுந்து வண்டி கரும்புகை கக்கும்.