45 காசு யாருடையது?

ஒருவரிடம் 3 பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 1 ரூபாய் 15 காசு டிவிடெண்டு என்று கம்பெனி அறிவிக்கிறது. டிவிடெண்டு என்றால், கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்.

அவருக்கு 3 ரூபாய் 45 காசு வர வேண்டும். வருவதோ 3 ரூபாய்!

45 காசு எங்கே போயிற்று? "அரை ரூபாய்க்குக் குறைந்தால் தள்ளிவிடு, அரை ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால் முழு ரூபாயாக்கு" என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் போயிற்று.

"45 காசுக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். அவருக்கு வர வேண்டிய பணத்தில் அது நூற்றுக்கு 13 பங்கு! பத்தாயிரம் பங்கு வைத்திருப்பவருக்கோ 11,500 ரூபாய் காசு குறையாமல் வந்துவிடும்.

"சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். மொத்தத்தில் சரியாகிவிடும்" என்பார்கள். 4 பங்கு வைத்திருப்பவருக்கு 4 ரூபாய் 60 காசுக்குப் பதிலாக 5 ரூபாய் கிடைக்கும், உண்மைதான். கம்பெனியின் கணக்கு சரியாகலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு 40 காசு கூடக் கிடைத்தால், காசை இழந்தவருக்கு என்ன லாபம்?

அணாவை மாற்றிய கதை

இந்த வம்பு புதிதல்ல. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நம் நாட்டில் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய், 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று சர்க்கார் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

நாலணாவைச் சேர்த்து மாற்றினால் 25. ஒவ்வோர் அணாவாக நான்கு தடவை மாற்றினால் 24. ஒரு பைசா மாயம்!

டிவிடெண்டிலும் இதே கூத்துதான். ஒரே ஆள் 6 பங்குகளை இரண்டு கணக்குகளில் மும்மூன்றாக வைத்திருந்தால் 3-ம் 3-ம் ஆறு ரூபாய். ஒரே கணக்கில் இருந்தால் 6 ரூபாய் 90 காசு 7 ரூபாயாகிவிடும். ஆகவே, உடைப்பதானால் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, கடைசியில், ஒரே ஒரு தடவைதான் உடைக்க வேண்டும்.

பங்கு விகிதத்தை முடிவு செய்யும்போதும் மீதி விழும். ஒரு லட்சம் ரூபாயை 30 ஆயிரம் பங்குகளுக்குப் பிரித்துப் பாருங்கள். பங்குக்கு 3 ரூபாய் 33 காசு கொடுத்தால் 100 ரூபாய் மிஞ்சும். 34 காசாக்கினால் 200 ரூபாய் உதைக்கும். 33 காசே கொடுக்கட்டும், தவறில்லை. மிஞ்சிய 100 ரூபாயை லாபக் கணக்கிலேயே வெளிப்படையாகக் காட்ட வேண்டும்.

இனி எதற்கு?

25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. கடைக்காரர் சில்லறை இல்லை என்றால் நியாயம் உண்டு. கம்பெனி அப்படிச் சொல்லலாமா? இப்போது டிவிடெண்டு பெரும்பாலும் நேரே பாங்கிக் கணக்குக்குப் போகிறது. காசோடு சேர்த்தே அனுப்பலாமே! விகிதம் முழுக் காசில் இருந்தால், எத்தனை பங்கால் பெருக்கினாலும் அரைக் காசு, கால் காசு வரவே வராது. பிறகு முழு ரூபாயாக்கும் வேலை எதற்கு?

முழு ரூபாய்தான் கொடுப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் கம்பெனி, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எல்லோருக்கும் மேல் ரூபாயாகவே கொடுக்கட்டும். ஒரு கணக்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

45 காசு கேட்டுத் தபால் கார்டு போட்டால் கார்டின் விலையே அதைவிட அதிகம். அதனால்தான் யாரும் கேட்பதில்லை. பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்: "இந்த ஆண்டு தள்ளிய காசெல்லாம் சேர்ந்து எவ்வளவு? எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்?"