ஆச்சி ஏன் அருவிக்கு வர்றதில்லை? மூட்டுவலி மட்டும்தான் காரணமா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சாச்சுனா தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்து வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையே பரபரப்பாகிடும். நல்லெண்ணெய் பாட்டில், துண்டு, மாத்துத்துணினு எல்லாம் பையில் ஏறும். ஆட்டோ வாசலில் நிக்கும்போது ஆச்சி மட்டும் சொல்வாங்க, "எனக்கு முட்டி வலிக்கு. நீங்க போயிட்டு வாங்க."

'வயசாயிடுச்சு, பாவம்'னு நாமும் கிளம்பிடுவோம். முட்டி வலி உண்மையாவே இருக்கலாம். ஆனா, பழைய குற்றாலத்துப் படிகளை ஒருமுறை நினைச்சுப் பாருங்க. ஈரம், பாசி, எல்லாம் ஒரே நிறம். கண்புரை ஆரம்பிச்சவங்களுக்கு ஆள் தெரியும், டிவி தெரியும். ஒரே நிறத்தில் இருக்கிற படியோட விளிம்புதான் பிரிஞ்சு தெரியாது. கூடவே வெளிச்சம் கூசும். கால் தயங்குறதுக்குக் கண் காரணமா இருக்கலாம்னு வீட்டில் யாருக்கும் தோணாது. பல நேரம் அவங்களுக்கே தோணாது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களை வெச்சு ஓர் ஆய்வு நடந்தது. 2005-ல் முடிவு வந்தது. ஒரு கண்ணில் சீக்கிரமே கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட 34% குறைவாகக் கீழே விழுந்தாங்க. பதற்றமும் மனச்சோர்வும்கூட குறைஞ்சது. நம்ம ஊரில் இடுப்பு எலும்பு முறிஞ்சு ஒரு பெரியவர் படுத்துட்டா, அந்த வீட்டோட ஒரு வருஷமே எப்படி மாறிப்போகும்னு பார்த்தவங்களுக்கு இந்த 34% பெரிய எண்.

இந்த மாவட்டத்தில் இன்னொரு கணக்கும் இருக்கு. இங்கே ஏராளமான பெண்கள் பீடி சுத்தித்தான் குடும்பம் நடத்துறாங்க. இலையை அளவா வெட்டணும், நூலைச் சரியா கட்டணும். சரியில்லாத பீடியைக் கடையில் கழிச்சுடுவாங்க. நாற்பதைத் தாண்டினதும் கிட்டப்பார்வை மங்கும். அதுக்கு ஒரு சாதாரண கண்ணாடி போதும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் அப்படிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தாங்க. 2018-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணாடி போட்டவங்களோட வேலைத்திறன் மத்தவங்களைவிட 20 சதவிகிதத்துக்கு மேல் கூடியிருந்தது. கையில் வர்ற காசு நின்னா, வீட்டில் தன் பேச்சுக்கு இருக்கிற மதிப்பும் போயிடுமோங்கிற பயம் வயசானவங்களுக்கு உண்டு.

கல்யாண வீட்டில் எதிரில் வர்றவங்க முகம் தெரியாமப் போனா, 'பார்த்தும் பார்க்காத மாதிரி போறா'னு பேச்சு வரும். அதுக்குப் பயந்தே விசேஷங்களைத் தவிர்ப்பாங்க. பேப்பர் போச்சு, கோயில் போச்சு, கடைசியில் பேச்சும் குறையும். சரி செய்யாம விட்ட பார்வைக் குறைபாட்டை, மறதி நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக 2024-ல் லான்செட் ஆணையம் சேர்த்திருக்கு. கண்ணாடி போட்டா மறதி வராதுனு இதுக்கு அர்த்தமில்லை. மாத்தக்கூடிய காரணங்களில் இதுவும் ஒண்ணு, அவ்வளவுதான்.

அதிகம் யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. பார்வை ரொம்பக் குறைஞ்ச சிலருக்கு, வீட்டில் இல்லாத ஆட்கள் தெரிவாங்க. குழந்தைகள், பூ வேலைப்பாடுகள், ஊர்வலம்கூட. சத்தம் இருக்காது. கண்ணிலிருந்து வரவேண்டிய காட்சி குறையும்போது, மூளையே காட்சியை உருவாக்கிக்குது. சார்லஸ் போனே என்ற சுவிட்சர்லாந்துக்காரர், தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை 1760-லேயே எழுதிவெச்சார். அவர் பேரில்தான் இன்னைக்கும் இந்தப் பிரச்னை அழைக்கப்படுது. நம்ம பக்கத்தில் இதைச் சொன்னா 'பேய்க்கோளாறு'னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க, இல்லைனா 'புத்தி பேதலிச்சுடுச்சு'னு முடிவு கட்டுவாங்க. அதனாலேயே பெரியவங்க வாயைத் திறக்கிறதில்லை. வேறு நோய்களாலும் இப்படி வரலாம் என்பதால் டாக்டர்கிட்ட காட்டணும். அப்போ கண்ணையும் சேர்த்துக் காட்டணும்.

நம்ம நாட்டில் 2015-19-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 2 சதவிகிதம் பேருக்குப் பார்வை இல்லை. அதில் மூணில் ரெண்டு பங்குக்குக் காரணம், சிகிச்சை எடுக்காத கண்புரை. அதாவது, திரும்பக் கிடைக்கக்கூடிய பார்வை. அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இலவசம். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்தே இருக்கு. அப்புறமும் ஏன் தள்ளிப்போகுது? 'புரை நல்லா முத்தட்டும்'ங்கிற பழைய நம்பிக்கை ஒண்ணு. இப்போதைய சிகிச்சைக்கு அது முத்தவேண்டியதே இல்லை. 'கூட்டிட்டுப் போக ஆள் இல்லை'ங்கிறது இன்னொண்ணு. அந்த ஆள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நாமதான். கண் அழுத்த நோய்னா இன்னும் அவசரம். அதில் போன பார்வை திரும்ப வராது.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஆச்சி வழக்கமா கண்ணாடி போடுவாங்கன்னா அதைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு கண்ணா மூடி, தினசரி காலண்டரில் ராகுகாலம் போட்டிருக்கிற வரியைப் படிக்கச் சொல்லுங்க. நல்லா இருக்கிற கண், மத்த கண்ணோட குறையை மறைச்சுடும். அதான் ஒவ்வொண்ணா பார்க்கணும். ஒரு கண்ணால் கடகடன்னு படிச்சவங்க, அடுத்த கண்ணில் "இது என்னடே, அச்சு அழிஞ்சு கிடக்கு?"னு கேட்டா, அன்னைக்கு அருவிக்குப் போற பிளானைக் கொஞ்சம் தள்ளிவெச்சுட்டு, முதல்ல கண் டாக்டர்கிட்ட டோக்கன் போடுங்க.